நாலு போத்தல் தண்ணீரும் மேல் ஸட்ஜமும்

உயர்தரம் படித்த காலத்தில் கம்பியின் ஒலியை ஆராயும் சுரமானிக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீடிறன் (விநாடிக்கு எத்தனை ஆட்டம்), வீச்சம் (ஆட்டத்தின் அகலம்), இழுவை, உரப்பு (சத்தத்தின் அளவு) என்று எல்லாவற்றுக்கும் வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு கம்பியைச் சுண்டி, காதால் கேட்டு, படித்ததை ஒருநாளும் சரி பார்த்ததில்லை. மகள் வீணை பழகத் தொடங்கிய பிறகு அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வார இறுதிகள் இதற்கே போயின.

சாமான் அதிகம் இல்லை. பழைய புத்தகத் தட்டிலிருந்து ஒரு பலகை, காலி வீதிக் கடையொன்றில் வாங்கிய கிட்டார் கம்பிகள், இரண்டு மரத் துண்டுகள். கிட்டாரின் மிக மெல்லிய கம்பியை, ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தடிப்பு, பலகையின் ஒரு முனையில் ஆணியில் மாட்டினேன். மறுமுனை மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. அதில் ஒரு துணிப்பை, பைக்குள் தண்ணீர்ப் போத்தல். பையோடு சேர்த்துச் சரியாக 1 கிலோ வரும்படி சமையல் தராசில் நிறுத்துக்கொண்டேன். மரத் துண்டுகளுக்கு நடுவே 60 சென்ரிமீற்றர்.

முதல் நாள் முழுவதும் வீண். ஒரே போத்தல், ஒரே நீளம், ஆனால் போனில் உள்ள சுருதி பார்க்கும் செயலி ஒருதரம் 122 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 122 ஆட்டம்) காட்டியது, இன்னொருதரம் 135. பையைக் கையால் கொஞ்சம் அமர்த்தி விட்டால் ஏறியது, தூக்கி விட்டால் இறங்கியது. மேசை விளிம்பில் கம்பி உராய்ந்து பிடித்துக்கொண்டதுதான் காரணம். கம்பியின் இழுவை போத்தலின் பாரத்துக்குச் சமமாக நிற்கவில்லை. அடுத்த வாரம் விளிம்பில் ஒரு சின்னக் கப்பி பூட்டி, மரத் துண்டுகளின் முனையில் மெழுகுதிரியைத் தேய்த்தேன். அப்புறம் எத்தனை தரம் சுண்டினாலும் 130 ஹேர்ட்ஸ், ஒன்று கூடக் குறைய.

நீளம் சொன்ன சொல் கேட்டது. மரத் துண்டை நகர்த்தி 30 சென்ரிமீற்றர் ஆக்கியதும் 260. 130ஐ ஸ என்று வைத்தால் அதன் இரண்டு மடங்கான இதுதான் மேல் ஸ, மேல் ஸட்ஜம். 40இல் வைத்ததும் 195. மகள் திரையைப் பார்க்காமலே "ப" என்றாள், பஞ்சமம்.

பிறகுதான் பாரம். மரத் துண்டைத் திரும்ப 60க்குக் கொண்டுபோனேன். நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ வருகிறது என்றால் பாரத்தை இரண்டு மடங்காக்கினாலும் வரவேண்டும் என்பது அவள் கட்சி. மீடிறன் பாரத்தின் வர்க்கமூலப்படிதான் ஏறும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன், அதனால் ஒத்துக்கொண்டேன். இரண்டாவது போத்தலையும் பைக்குள் வைத்தேன். கம்பி அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து சுண்டினேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"மேல் ஸ இல்லை அப்பா. பிரதி மத்திமம் மாதிரிக் கிடக்கு."

செயலி 184 என்றது. 130ஐ இரண்டின் வர்க்கமூலமான 1.414ஆல் பெருக்கினால் அதுதான் வரும். ப-வுக்குச் சற்றுக் கீழே உள்ள பிரதி மத்திமமேதான். மூன்றாவது போத்தலுக்கும் மேல் ஸ வரவில்லை. நாலாவதை வைத்ததும் 260 வந்து நின்றது. நாலு மடங்கு பாரத்துக்கு இரண்டு மடங்கு மீடிறன். தாளில் பார்த்த அந்த வர்க்கமூலக் குறி இவ்வளவு தெளிவாகக் காதில் விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மகள் போட்ட கணக்கை உலகமும் நெடுங்காலம் நம்பியிருந்தது. இரட்டைப் பாரம் தொங்கவிட்டால் மேல் ஸட்ஜம் வரும் என்பதைப் பைதகரஸ் கண்டுபிடித்ததாகக் கதை. 16ஆம் நூற்றாண்டில் வின்சென்சோ கலிலெயி என்ற இத்தாலியர், லூட் என்ற தந்தி வாத்தியக் கலைஞர், உண்மையாகவே பாரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்து, இரண்டு அல்ல, நாலு என்றார். கலிலியோவின் தகப்பனார் அவர். நீளம், இழுவை, தடிப்பு மூன்றையும் சேர்த்து விதியாக எழுதியவர் மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி, 1636இல். தடிப்பையும் பார்த்தேன்: கிட்டாரின் இரண்டாவது கம்பிக்கு 1 கிலோ, 130 இருந்த இடத்தில் 100. கம்பி கனத்தால் ஆட்டம் மெதுவாகிறது.

உரப்புக்கு வருவோம். மெல்லத் தொட்டாலும் ஓங்கிச் சுண்டினாலும் செயலி அதே 260தான் காட்டியது. ஓங்கிச் சுண்டும்போது மட்டும் தொடக்கத்தில் ஒரு கணம் கொஞ்சம் ஏறி இறங்கும், அகல ஆடும் கம்பி தன்னைத்தானே இழுத்துக்கொள்வதால். மற்றபடி கூடுவது சத்தம்தான்.

பலகையை மடித்த துவாயின் மேல் வைத்திருந்தவரை ஒலி பக்கத்து அறைக்குக் கூடப் போகவில்லை. துவாயை எடுத்துவிட்டு வெறும் பிஸ்கட் ரின் ஒன்றைக் கவிழ்த்துப் பலகைக்குக் கீழே வைத்தேன். வீடு நிறைந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். சுருதி மாறவில்லை. மெல்லிய கம்பி தனியே எவ்வளவு காற்றைத் தள்ளும்? ரின்னின் அகலத் தகடு தள்ளுகிறது. வீணைக்குப் பலாமரக் குடம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ரின்னின் மேல் கொஞ்சம் ரவை தூவினோம். மெல்லச் சுண்டினால் ரவை நடுங்கி நகர்ந்தது, ஓங்கிச் சுண்டினால் துள்ளி மேசையில் சிந்தியது. வீச்சம் என்று நான் பாடமாக்கிய சொல் அது. ஒன்றைக் குறித்துவைத்தேன்: துவாயின் மேல் 8 விநாடி கேட்ட ஒலி ரின்னின் மேல் 4 விநாடியில் அடங்கியது. கம்பியில் நாம் ஏற்றிய சக்தி அளவானது. உரக்கக் கொடுத்தால் சீக்கிரம் தீர்கிறது. கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தித்தான் இவற்றை அளக்க முடிந்தது.

கடைசி ஞாயிறு மகளின் யோசனை. பைக்குப் பதில் 5 லீற்றர்த் தண்ணீர்க் கானைத் தொங்கவிட்டு, மொத்தம் 1 கிலோ ஆனதும் ஸட்ஜத்தைக் காதில் வாங்கிக்கொண்டாள். போனைக் கவிழ்த்து வைத்தோம். நான் சுண்டச் சுண்ட அவள் கோப்பையால் தண்ணீர் விட்டாள். ஸ, ரி, க என்று இல்லாமல் ஒரே இழைவாக, கமகம் மாதிரி, சுருதி மேலே ஏறியது. மத்திமம் தாண்டியதும் கோப்பையை வைத்துவிட்டுக் கரண்டியால் விட்டாள். ஓரிடத்தில் நிறுத்தி "இதுதான் ப" என்றாள்.

பஞ்சமம் ஒன்றரை மடங்கு. ஒன்றரையின் வர்க்கம் 2.25, ஆகப் பாரம் 2.25 கிலோ இருக்கவேண்டும். கானைக் கழற்றித் தராசில் வைத்தோம். 2 கிலோ 270 கிராம்.