நெல் ஆலைச் சேர்வரில் 384 எம்பி ஒதுக்கி வைத்த கதை

கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் உள்ள ஒரு நெல் ஆலையின் அலுவலகக் கணினிகளைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துவருகிறேன். லொறித் தராசின் நிறையும் மூடைக் கணக்கும் பதிவாகும் சேர்வர் ஒன்று அங்கே இருக்கிறது. 8 ஜிபி நினைவகம், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04. பெரும்போக வெட்டு நேரம், லொறிகள் விடிய விடிய வரிசையில் நிற்கும் நாட்களில், அது வாரத்துக்கு ஒரு தடவையாவது இரவில் நின்றுபோகத் தொடங்கியது. அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பதிவுக் கோப்புகளைத் திறந்தால், நின்ற நேரம்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதன் பிறகு அடுத்த தொடக்கத்தின் வரிகள்தான்.

"கரண்ட் கூடிக் குறையுதுதானே தம்பி, அதுதான்" என்றார் ஆலை உரிமையாளர் ஹாஜியார். யூபிஎஸ்ஸை மாற்றினோம். நினைவகத்தை ஓர் இரவு முழுவதும் சோதித்தோம். பயனில்லை. துப்புக் கொடுத்தவர் இரவுக் காவலாளிதான்: "கீபோட்டில ஒரு லைற் மின்னி மின்னி நிக்குது தம்பி, வழமையா அப்பிடி நிக்கிறல்ல." அது வட்ட முனைச் செருகியுள்ள பழைய விசைப்பலகை. லினக்ஸின் மையநிரலான கெர்னல், மீள முடியாத தவறில் சிக்கி நின்றுபோகும்போது, அதாவது பேனிக் ஆகும்போது, அந்த வகை விசைப்பலகையின் விளக்குகளை இமைக்க வைக்கும். ஆகவே மின்சாரத்தைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை; கெர்னலே விழுந்திருக்கிறது, விழுந்த கணத்தில் வன்தட்டில் எதையும் எழுத முடியாததால்தான் பதிவில் தடயம் இல்லை.

இதற்காக இருப்பதுதான் கேடம்ப் (kdump), கெர்னல் விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததைச் சேமித்துத் தரும் வசதி. லினக்ஸில் இது 2005 இல், 2.6.13 பதிப்போடு சேர்ந்தது. அதற்கு முன்பிருந்த முறைகளில் விழுந்த கெர்னலே தன் நினைவகத்தைத் தானே தட்டில் எழுத முயலும். மயங்கி விழுந்தவரிடமே வாக்குமூலம் கேட்பதுபோல அது பல தடவை பாதியில் நின்றுவிடும். கேடம்ப் வேறு வழியில் போகிறது. கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் தொடர்ச்சியான ஒரு துண்டை ஒதுக்கி, அதற்குள் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி வைத்துவிடுகிறது. முதலாவது விழுந்ததும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் வழியாகப் போகாமல் நேரே இரண்டாவதுக்குத் தாவி, அது எழும்பி முதலாவதின் நினைவகத்தை ஒரு கோப்பாகப் பார்த்துத் தட்டில் சேமிக்கிறது. அந்தத் துண்டை ஏன் முற்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்பது எனக்கும் முதலில் விளங்கவில்லை. கெர்னல் விழுந்த பிறகும் வலையமைப்பு அட்டை போன்ற சாதனங்கள் தமக்குச் சொல்லப்பட்ட நினைவக இடங்களில் எழுதிக்கொண்டே இருக்கக்கூடும். அவற்றின் கைக்கு ஒருபோதும் போகாத இடத்தில் இருந்தால்தான் இரண்டாவது கெர்னல் பிழைக்கும். எங்கள் பக்கத்தில் எவ்வளவு முடையென்றாலும் விதைநெல் மூடையைத் தொடமாட்டார்கள் அல்லவா, அந்தக் கணக்குத்தான்.

கேடம்புக்கான மென்பொருள் பொதியை நிறுவி ரீபூட் செய்ததும் நிலை அறிவிக்கும் கட்டளை "தயார்" என்றது. நான் அதை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், தராசில் லொறி இல்லாதபோது, தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, கெர்னலுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ கோப்பில் 'சி' என்ற ஓர் எழுத்தை எழுதிக் கெர்னலை வேண்டுமென்றே விழுத்தினேன். இரண்டாவது கெர்னல் எழும்பியது. திரையில் வரிகள் ஓடின. பிறகு நினைவகம் போதவில்லை என்று செயல்முறைகளை ஒவ்வொன்றாகக் கொல்லத் தொடங்கி அப்படியே நின்றது. உபுண்டு 22.04 அந்தப் பொதியோடு தானாக ஒதுக்குவது 192 எம்பி. பல இயந்திரங்களுக்கு அது போதும்; இந்த இயந்திரத்துக்குப் போதவில்லை.

சரி, 384 ஆக்குவோம் என்று கெர்னலை ஏற்றித் தொடக்கும் க்ரப்பின் முதன்மை அமைப்புக் கோப்பில், ஒதுக்கும் அளவைச் சொல்லும் கிராஷ்கெர்னல் மதிப்பை எழுதி, க்ரப்பைப் புதுப்பித்து, ரீபூட் செய்து, அடுத்த வெள்ளி மறுபடி விழுத்தினேன். அதே இடத்தில் அதே தோல்வி. அன்றைக்கு அரை நாள் வீணானது. கெர்னல் எந்தக் கட்டளை வரியோடு தொடங்கியது என்று, கெர்னல் தன் நிலையைக் காட்டும் புரோக் அடைவில் பார்த்த பிறகுதான் கண் திறந்தது: வரியில் கிராஷ்கெர்னல் இரண்டு தடவை இருந்தது, முதலில் என்னுடைய 384, வரியின் கடைசியில் 192. பொதி தனக்கென்று க்ரப்பின் துணை அடைவில் ஒரு சிறு கோப்பை வைத்திருக்கிறது. அது பின்னர் வாசிக்கப்பட்டு, தன் மதிப்பை என்னுடையதற்குப் பின்னால் ஒட்டிவிடுகிறது. இரண்டு இருந்தால் கெர்னல் கடைசியானதையே எடுக்கும். இதை எங்கேயாவது பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். முதன்மைக் கோப்பில் எழுதியதை அழித்து, அந்தச் சிறு கோப்பில் உள்ள 192 ஐ 384 ஆக மாற்றினேன்.

இந்தத் தடவை விழுத்துவதற்கு முன்னமே சரிபார்த்தேன். தொடக்கச் செய்திகளில் "384 எம்பி ஒதுக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. புரோக் அடைவில் நினைவக முகவரிகளைப் பட்டியலிடும் ஐஓமெம் கோப்பிலும் 'கிராஷ் கெர்னல்' என்ற பகுதி தெரிந்தது. ஆனால் அதைச் சாதாரணப் பயனராகப் பார்த்தால் முகவரிகள் எல்லாம் பூச்சியமாகத்தான் தெரியும், ஒதுக்கவே இல்லையோ என்று பயந்துவிட வேண்டாம், நிர்வாகி உரிமையோடு பாருங்கள். பிறகு விழுத்தினேன். இரண்டாவது கெர்னல் எழும்பி, கோப்பை எழுதி, தானாகவே ரீபூட் ஆகியது. வெற்றுப் பக்கங்களையும் பயனர் தரவையும் தவிர்த்துச் சுருக்கியதால், 8 ஜிபி இயந்திரத்தின் கோப்பு 200 எம்பியைக்கூடத் தொடவில்லை.

கூடவே, ஊப்ஸ் எனப்படும், கெர்னலை உடனே வீழ்த்தாத தவறு வந்தாலும் பேனிக் ஆகும்படி அமைத்தேன். இல்லாவிட்டால் கெர்னல் ஒரு தவறைச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு ஓடும்; கேடம்ப் பேனிக் ஆனால் மட்டுமே வேலை செய்யும்.

பதினொரு நாட்களுக்குப் பிறகு, அதிகாலை இரண்டரை மணிக்கு உண்மையாகவே விழுந்தது. நான் நித்திரை, தராசுக்காரர் தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் சேர்வர் மீண்டு வந்துவிட்டதால் எனக்கு யாரும் அழைக்கவில்லை. காலையில் கிராஷ் அடைவில் திகதியோடு ஒரு புதிய கோப்புறை இருந்தது. நினைவகக் கோப்பை ஆராய்வதற்கு, அந்தக் கெர்னல் பதிப்புக்கு அச்சொட்டாகப் பொருந்தும் பிழைத்திருத்தக் குறியீட்டுப் பொதியைக் கைப்பேசி டேட்டாவில் இறக்க ஓர் இரவு போனது. அது வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல், நினைவகக் கோப்போடு கூடவே சேமிக்கப்பட்டிருந்த சிறிய செய்திக் கோப்பைத் திறந்தேன். விடை அங்கேயே இருந்தது. விழுந்த கணத்தில் கெர்னலில் எது ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டும் அழைப்பு வரிசையின் உச்சியில், தராசைச் சேர்வரோடு இணைக்கும் சீரியல் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயர். அது கெர்னலோடு வந்ததல்ல, அட்டையோடு தரப்பட்ட மூலநிரலை நானே தொகுத்து ஏற்றியது. கெர்னலுக்கு வெளியிலிருந்து வந்த டிரைவர் உண்டு என்று காட்டும் 'ஓ' அடையாளமும் பக்கத்திலேயே இருந்தது.

அட்டையைக் கழற்றிவிட்டு, கெர்னலிலேயே டிரைவர் உள்ள யூஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்றைப் போட்டோம். அதன் பிறகு அந்தப் போகம் முழுவதும் சேர்வர் நிற்கவில்லை.

"அப்ப அந்த ஒதுக்கினத்தத் திரும்ப எடுக்கேலாதா?" என்று ஹாஜியார் கேட்டார். எடுக்கலாம். ஏற்றி வைத்த இரண்டாவது கெர்னலை இறக்கிவிட்டால், ரீபூட் இல்லாமலேயே ஒதுக்கத்தைக் குறைக்க முடியும். கூட்டுவதற்குத்தான் ரீபூட் வேண்டும். சிறுபோக வெட்டு முடியும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.