அம்மா அணைத்த விளக்கு

காலையில் கரண்ட் ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்துக்கு 1,130 ரூபாய்.

அம்மா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்தாள்.

நான் வேலை முடிந்து வருவதற்காக இரவில் எரியவிடும் விளக்கு அது. 9 வாட் எல்இடி. ஒரு யூனிட் ஓட 100 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சென்னைக்கு வெளியே, வீடு இருக்கும் கூடுவாஞ்சேரியிலிருந்து வேலைக்குக் கிண்டி வரை பைக்கில் போய் வர 56 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 125 ரூபாய் பெட்ரோல். 24 நாள் வேலை என்றால் மாதம் 3,000. கரண்ட் பில் கணக்கில் பார்த்தால், இரண்டு மாதத்துக்கு 6,000.

மின்சார ரயில் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். ஆனால் என் ஷிப்டு முடிவது நள்ளிரவு 1 மணிக்கு. அந்த நேரத்தில் ரயில் ஏது?

வாடகை குறைவு என்றுதான் இவ்வளவு தூரம் வந்தோம். வாடகையில் மிச்சமானதில் பாதியை, தினமும் போய் வரும் ஜிஎஸ்டி ரோட்டில் பெட்ரோலாகக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் பங்கில் 200, 300 என்று போடுவதால் மொத்தமாகக் கண்ணில் படுவதே இல்லை. கரண்ட் பில் மட்டும் ஒரே எண்ணாக வந்து வீட்டைப் பயமுறுத்துகிறது.

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

விளக்கை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன்.