பாதுகாப்புக்கென்று வாங்கும் துப்பாக்கி

அமெரிக்காவில் வீடு வாங்கிய கையோடு "ஒரு துப்பாக்கியும் வாங்கி வச்சுக்கலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: தயவுசெய்து வேண்டாம்.

திருடனை நினைத்துத்தான் வாங்குகிறோம். ஆனால் 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்! மனம் உடைந்துபோகும் அந்தக் கொடிய நேரத்தைத் தாண்டி வந்தவர்களில் பெரும்பாலோர் அதன்பின் வாழ்ந்துவிடுகிறார்கள். கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் தாண்டி வருவது மிகக் கடினமாகிவிடுகிறது.

கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு 2022இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டில் வாழ்பவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம். வீட்டுக்குள்ளேயே கணவன், மனைவி அல்லது துணையால் சுடப்பட்டுச் சாவது ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். யாரைக் காப்பாற்ற வாங்கினார்களோ, அவர்கள்!

இதையெல்லாம் ஆராய மத்திய அரசின் நிதி 1996க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. நினைத்தாலே கோபம் வருகிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் குண்டுகளைக் கழற்றித் தனியே பூட்டுங்கள், துப்பாக்கியைத் தனியே பூட்டுங்கள். பிள்ளைகளை வேறு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், அங்கே துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.