பேரவைக்குள் நம் ஊர் நுழையும் வழிகள்

தமிழ்நாடு சட்டப்பேரவையின் ஒவ்வொரு நாள் அலுவலும், பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளைப் படித்துப் பொருள் சொல்வதில் தொடங்குகிறது. அடுத்த ஒரு மணி நேரம் வினாக்களுக்கு உரியது. அதன் பின் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு, ஏடுகளை மேசையில் வைத்தல், சட்டமுன்வடிவுகளை அறிமுகம் செய்தல், துறைகளுக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கைகள் மீதான விவாதம், அமைச்சரின் பதிலுரை, வாக்கெடுப்பு என்று நாள் நகர்கிறது. மறுநாள் காலை மதுரையில் நம் கைக்கு வரும் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இவற்றுள் வாக்குவாதமும் வெளிநடப்பும்தான் இடம்பிடிக்கின்றன. எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், அந்த நிகழ்ச்சி நிரலின் எந்த வரியில் நம் ஊர் நுழைய முடியும் என்பதே என் அக்கறை. அதை அறிந்துகொண்டால் நம் மனுக்களை இன்னும் பலனுள்ளவையாக எழுத முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் வழி வினா நேரம். பேரவையின் 234 உறுப்பினர்களில், மேலூர் தொடங்கி உசிலம்பட்டி வரை மதுரை மாவட்டத்துக்கு உரியவர்கள் 10 பேர். ஓர் உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்த வினா நட்சத்திரக் குறியோடு நிரலில் அச்சாகி வந்தால், அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். “இன்ன ஊர்க் கண்மாயின் மடையைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா?” என்பது வினாவின் வழக்கமான வடிவம். “கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை”, “நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்”, “இந்த நிதியாண்டில் பணி எடுத்துக்கொள்ளப்படும்” என்பவை பதிலின் வழக்கமான வடிவங்கள். இவற்றுள் மூன்றாவது பதில் ஓர் உறுதிமொழி. அவையில் அமைச்சர்கள் கொடுத்த உறுதிமொழிகளைத் தொகுத்து, அவை நிறைவேறினவா என்று துறைகளைத் தொடர்ந்து கேட்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவைக்கு ஒரு குழு உண்டு. அக்குழு மாவட்டங்களுக்கு வந்து பணி நடக்கும் இடங்களை நேரிலும் பார்க்கிறது. நம் உறுப்பினர் துணை வினா எழுப்பி, “எந்த ஆண்டுக்குள்?” என்று கேட்டுவிட்டால், அந்தப் பதில் பரிசீலனை என்ற சொல்லோடு நின்றுவிடாமல் கணக்கில் ஏறிவிடும் வாய்ப்பு கூடுகிறது. 2022 ஜனவரி முதல் வினா நேரம் நேரலையில் வருவதால், இதை வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். பாசனத்தார் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாள் பார்த்தால், தங்கள் உறுப்பினரிடம் அடுத்து எதைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்பது தானாகவே தெளிந்துவிடும்.

சட்டமுன்வடிவுகளின் வழி இதைவிடக் கடினமானது. அதன் விளைவோ நெடுங்காலம் நிற்பது. ஒரு சட்டமுன்வடிவு முதலில் அறிமுகமாகிறது. நோக்கக் காரண விளக்கவுரை என்ற சிறு பகுதி அதன் இறுதியில் இருக்கும். எதற்காக இந்தச் சட்டம் என்பதை அரசு தன் வாயாலேயே சொல்லும் இடம் அது என்பதால், நான் முதலில் படிப்பது அதைத்தான். அடுத்து, ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமைச்சர் முன்மொழிவார். பிறகு பேரவைத் தலைவர் ஒவ்வொரு பிரிவாக எடுத்து, இந்தப் பிரிவு சட்டமுன்வடிவின் பகுதியாக அமையலாமா என்று அவையைக் கேட்பார். “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்ற குரல் ஒலிக்கும். இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று அது ஓடும் வேகத்துக்குக் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும், நம் நிலத்தையும் நீரையும் கட்டுப்படுத்தப்போகும் வாசகங்கள் சில நொடிகளில் அவையைக் கடந்துவிடுகின்றன என்பது. கடைசியில் முன்வடிவு நிறைவேற்றப்பட வேண்டும் என்ற முன்மொழிவு. மீண்டும் குரல் வாக்கெடுப்பு. அதன் பின் அரசமைப்பின் 200-ஆம் உறுப்பின்படி ஆளுநரின் ஒப்புதலுக்குப் போகும். ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், பண மசோதா அல்லாதவற்றைத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் கருத்துக்கென ஒதுக்கியும் வைக்கலாம்.

இந்த வழி முழுவதையும் மதுரைக்காரர்கள் கண்ணால் பார்த்த நாட்கள் 2017-இல் வாய்த்தன. ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கேட்டு அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மக்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்த அந்த ஜனவரியில், 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அவசரச் சட்டம் நிரந்தரமன்று. பேரவை கூடிய பின் ஆறு வாரங்களில் அது காலாவதியாகிவிடும் என்பதால், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று களத்தில் இருந்தவர்கள் கேட்டது முறையான கோரிக்கையே. 23-ஆம் தேதி, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்த முன்வடிவு பேரவையில் அறிமுகமாகி, அன்றே ஒருமனதாக நிறைவேறியது. மத்திய சட்டம் ஒன்றைப் பொதுப்பட்டியலின் கீழ் மாநிலம் திருத்துவதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதுவும் அந்த மாத இறுதியிலேயே கிடைத்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஊர் முழுவதும் விழித்திருந்ததால் ஒரே நாளில் நிறைவேறிய சட்டம் அது.

ஆனால் ஊர் அறியாமலே ஒரே நாளில் நிறைவேறும் சட்டங்களும் உண்டு. கூட்டத்தொடரின் கடைசி நாளில் முன்வடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்படுவது ஆட்சிகள் மாறினாலும் மாறாத வழக்கமாகிவிட்டது. 2023 ஏப்ரல் 21 அப்படிப்பட்ட ஒரு நாள். வேலை நேரத்தை ஒரு நாளில் 12 மணி வரை நீட்டிக்க இடம் தரும் தொழிற்சாலைகள் திருத்த முன்வடிவு அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன, சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதே நாளில் நிறைவேறிய இன்னொரு முன்வடிவு, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு முன்வடிவு. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ உள்ளடங்கிய நிலத்தில் அமையும் திட்டங்களைப் பற்றியது அது. விவசாயிகள் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தும், ஒப்புதல் பெற்று அது சட்டமாகிவிட்டது. கண்மாயும் வரத்துக் கால்வாயும்தான் வாழ்வு என்றிருக்கும் மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்களில் அந்த வாரம் இதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது. நிரலைப் படிப்பவர்கள் அங்கே இருந்தார்கள். பாசனத்தாருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேலவை இருந்திருந்தால் இந்த அவசரம் குறைந்திருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. 1937 முதல் இங்கே இரண்டு அவைகள் இருந்தன. 1986 நவம்பர் 1 அன்று மேலவை கலைக்கப்பட்டது. மீண்டும் கொண்டுவர 1989-லும் 2010-லும் பேரவை தீர்மானம் இயற்றியும் அது உருவாகவில்லை. மேலவை வேண்டுமா வேண்டாமா என்பதை விட, அறிமுகமாகும் நாளுக்கும் நிறைவேறும் நாளுக்கும் இடையே சில நாட்களாவது இருக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்வடிவை விரிவாக ஆராய உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் வழி இப்போதுள்ள விதிகளிலேயே இருக்கிறது. நிலம், நீர் சம்பந்தப்பட்ட முன்வடிவுகளையாவது அந்த வழியில் அனுப்ப வேண்டும். 1990-களில் சேடபட்டி முத்தையாவும் பி.டி.ஆர். பழனிவேல்ராஜனும் அடுத்தடுத்துப் பேரவைத் தலைவர்களாக அமர்ந்த பெருமை இந்த மாவட்டத்துக்கு உண்டு. அவை நடைமுறை நம் மண்ணுக்குப் புதிதன்று.

மதுரையில் நடந்த ஒரு செயல் சட்டத்தையே உண்டாக்கிய வரலாறும் நமக்கு இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட மக்களைச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றார். அப்போதைய சட்ட நிலையில், உள்ளே சென்றவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்குத் தொடர இடமிருந்தது. இராஜாஜியின் அமைச்சரவை முதலில் அவசரச் சட்டத்தின் மூலம் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது; பிறகு ஆலய நுழைவுக்கு அதிகாரமும் நுழைந்தவர்களுக்கு வழக்கிலிருந்து காப்பும் தரும் சட்டத்தை அதே ஆண்டில் இரு அவைகளிலும் நிறைவேற்றியது. கோயிலுக்குள் வைக்கப்பட்ட காலடிக்குப் பின்னால் சட்டம் நடந்து வந்தது. அந்த வரலாற்றை மதுரைப் பள்ளிகளில் சொல்லும்போது, சட்டமன்றத்தில் நடந்த பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீர்மானம் என்பது வேறு. அதற்குச் சட்டத்தின் வலு இல்லை. மாநிலத்தின் குரல் என்ற வலு உண்டு. அரிட்டாபட்டியை ஒட்டிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, கிராம சபைகளில் தொடங்கிய எதிர்ப்பு, 2024 டிசம்பர் 9 அன்று பேரவையில் ஒருமனதான தனித் தீர்மானமாக வடிவெடுத்தது. ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை மக்கள் நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம், பேரவைத் தீர்மானம், மக்கள் நடை என்ற மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்த முடிவு வந்திருக்காது என்றே கருதுகிறேன்.

இவை எல்லாவற்றிலும் எளியவருக்கு நேரடியாகத் திறந்திருப்பது மனுக்கள் குழு. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் கூட்டத்தில், பேரவைக்கு இப்படி ஒரு குழு இருப்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. குழு ஒரு மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் வழியாக அறிவிப்பு வெளியாகும். அதில் சொல்லப்படும் நிபந்தனைகளைக் கருத்தோடு படிக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன் ஆகியவை கூடாது. மனுவோடு நகல்களும் சேர்த்து ஐந்து படிகள் தர வேண்டும். ஒரே மனுதாரர் பல மனுக்கள் கொடுத்தாலும், ஒன்று மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும். எடுத்துக்கொள்ளப்பட்ட மனுவை, மனுதாரர் முன்னிலையில் துறை அலுவலர்களை வைத்துக்கொண்டு குழு விசாரிக்கும்.

எங்கள் கண்மாய் விஷயத்தில் இந்த நிபந்தனைகள் எப்படிப் பொருந்தின என்பதைச் சொல்கிறேன். வரத்துக் கால்வாய் தூர்ந்துபோயிருக்கிறது. அதே கால்வாய் சாலையைக் கடக்கும் இடத்தில் சிறுபாலத்துக்கு அடியில் போட்டிருக்கும் குழாய் மிகக் குறுகலானது. மழை பெய்தால் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் சாலையோரத்து வயல்களில் ஏறிவிடுகிறது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருப்பதால் கண்மாயும் கால்வாயும் நீர்வளத் துறைக்கு உரியவை. குறைவாக இருந்திருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போயிருக்கும். சிறுபாலமோ நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ஒரு துறை மற்றதைக் கைகாட்டிவிட்டுப் போய்விடும். நான் இதைச் சொன்னபோது, பாசனத்தாரில் மூத்தவர், “தண்ணி ஒண்ணுதானப்பா, மனு மட்டும் எதுக்கு ரெண்டு?” என்று கேட்டார். “தண்ணி ஒண்ணுதான் மாமா, அதுக்குப் பதில் சொல்ற ஆபீசு ரெண்டு” என்றேன். அவர் ஒப்புக்கொண்டு ஒன்றில் கையெழுத்திட்டார்; மற்றதில் கடைமடை நிலம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் கையெழுத்திட்டார். ஒருவர் பெயரிலேயே இரண்டையும் கொடுத்தால் ஒன்று நின்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

மனுவின் உடலை ஒரு பக்கத்துக்குள் அடக்கினோம். முதல் பத்தியில் கண்மாயின் பெயர், வருவாய்க் கிராமம், கால்வாய் கடக்கும் புல எண்கள். இரண்டாம் பத்தியில் பாதிப்பு. மூன்றாம் பத்தியில் கோரிக்கை, அதுவும் ஒரே வாக்கியத்தில். “பாழாய்ப்போன”, “கண்டுகொள்ளாத” போன்ற சொற்களை நீக்கினோம். கோபம் நியாயமானதுதான், ஆனால் குழுவின் முன் அலுவலர் பதில் சொல்ல வேண்டியது புல எண்ணுக்கும் ஆண்டுக்கும். இணைப்பாக, புலப்படத்தின் நகல், மழைக்காலத்தில் எடுத்த புகைப்படங்கள், முந்தைய மனுக்களுக்குக் கிடைத்த ஒப்புகைச் சீட்டுகள், துறையிலிருந்து வந்த பதில் கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் வைத்தோம். நீண்ட காலமாகத் தீராத பிரச்சினை என்பதற்குச் சான்று அந்தச் சீட்டுகள்தான். ஆகவே குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கும் எவரும் சீட்டை வாங்காமல் திரும்பக் கூடாது.

இரண்டு மனுக்களும் ஐந்தைந்து படிகளாகத் தயாராக இருக்கின்றன. குழுவின் வருகை அறிவிக்கப்பட்டதும் கொடுத்துவிடுவோம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், நீர்வளத் துறையின் மானியக் கோரிக்கை வருவதற்கு முன்பே வினாவாக அனுப்பக் கேட்டு, எங்கள் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கால்வாய் பற்றிய மனுவின் நகல் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். எந்த ஆண்டுக்குள் தூர் வாரப்படும் என்று துணை வினா கேட்க வேண்டும் என்பதையும் அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம்.