மரநாய்க்கு வந்த மவுசு

பெரியம்மா வீட்டு மாடியில் தகரக் கொட்டகை உண்டு. நடுராத்திரியில் அதன் மேல் ஒரு மரநாய் ஓடியது. நடந்தது இவ்வளவுதான். பெரியப்பாவும் காலையில் பால்காரரிடம் இதை இப்படியேதான் சொன்னார். பால்காரர் "அப்படியா சார்" என்று அரை லிட்டரை ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்குள் பெரியம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"மொதல்ல 'டங்'குன்னு ஒண்ணு. அப்புறம் சத்தமே இல்ல. நானும் மூச்சு விடல. கொஞ்ச நேரம் கழிச்சு சரக்... சரக்... வாடகை பாக்கி வச்சவன் ஓனர் தூங்கிட்டாரான்னு பாத்துப் பாத்துப் படியிறங்குவானே, அப்படி நடக்குது. திடீர்னு தடதடதடன்னு ஒரே ஓட்டம்!"

பால்காரர் வண்டியை அணைத்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு மாவு டப்பாவோடு வந்து நின்றார்.

சிறுகதை எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டு திரியும் எனக்கு அந்தச் "சத்தமே இல்ல" பொறாமையாக இருந்தது. தடதடவென்று எழுத யாராலும் முடியும். அதற்கு முன்னால் வாசகனையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்க வைக்க வேண்டுமே! அது இல்லாவிட்டால் தடதடவும் வெறும் இரட்டைக்கிளவிதான், பத்தாம் வகுப்பில் ரெண்டு மார்க்.

உவமையும் அப்படித்தான். வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று உவமை பிறக்க நான்கு இடம் சொல்கிறார் தொல்காப்பியர். நாம் என்னவோ மெய்யையும் உருவையும் மட்டும் பிடித்துக்கொண்டு முகத்தை நிலாவாக்கி, பல்லை முத்தாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பெரியம்மா அந்த மரநாயைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அதனால் வினையைத் தவிர வேறு வழியே இல்லை. மரநாயின் நடையோடு அதன் பயம், திருட்டு முழி எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிட்டது. (மாடியில் குடியிருப்பவர் அன்று முழுக்கக் கீழே வரவில்லை என்பது வேறு கதை.)

காலை வசூலைப் பார்த்த பெரியப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சாயங்காலம் வந்த நண்பரை உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார்.

"நடுராத்திரி... மொதல்ல 'டொக்'குன்னு ஒரு சத்தம்..."

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தகரத்துல எங்கயாச்சும் டொக்குன்னு கேக்குமா? டொக்குன்னா அது கதவு! 'டங்'குன்னு மறுபடி மொதல்லேர்ந்து சொல்லுங்க."