ஒக்கி முறித்த செங்கவருக்கை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கிய வேளையில், வீட்டுக்கு வடபுறத்து விளையில் (தோட்டத்தில்) நின்ற செங்கவருக்கை மாமரம் இடுப்பளவு உயரத்தில் முறிந்து விழுந்தது. பாட்டா கொட்டை ஊன்றி வளர்த்த மரம் அது. ஆனாலும் அடுத்த இரண்டு வாரங்கள் அதைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் வரவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை என்ற செய்தி நாள்தோறும் வந்துகொண்டிருந்தபோது, ஒரு மரத்துக்காக வருந்துவது முறையாகத் தோன்றவில்லை.

டிசம்பர் நடுவில் விழுந்த மரத்தை அறுத்து அகற்றியபின், எஞ்சிய அடிமரத்தை (எங்கள் ஊர் வழக்கில் 'மூடு') இயந்திரம் வைத்துப் பறித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பக்கத்து விளையில் ரப்பர் வெட்டும் மாமா தான் தடுத்தார். தோலை நகத்தால் கீறிப் பச்சையைக் காட்டி, "மூட்டுல உயிரு கெடக்கு மக்கா, தோண்டிப் போடாத" என்றார்.

நான் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இதன் கொட்டையை ஊன்றி முன்பு ஒரு கன்று வளர்த்திருந்தேன். அது நார் மிகுந்த, புளித்த காயைத் தந்தது. மூட்டிலிருந்து எழும் துளிரோ அதே மரம்தான், சுவை மாறாது. ஒட்டு மரமாக இருந்து, ஒட்டுக்குக் கீழே முறிந்திருந்தால் இந்தப் பயன் கிடைத்திருக்காது, வருவது ஒட்டுக்கு வேராக நிற்கும் வேறு கன்றின் துளிராகவே இருந்திருக்கும். தென்னையும் கமுகும் குருத்து ஒன்றையே நம்பி வாழ்பவை என்பதால் தலை முறிந்தால் அதோடு முடிந்தது. மா, புளி, வேம்பு, தேக்கு ஆகியவற்றுக்கோ தோலுக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. வேர் அசையாமல் நின்றிருந்தால் அவை விழித்துக்கொள்ளும்.

முதல் வேலையாக, சிம்பு சிம்பாகப் பிளந்து நின்ற முறிவை ரம்பத்தால் அறுத்து, மழைநீர் தங்காதபடி ஒருபக்கம் சரிவாக்கினோம். பிறகு பூஞ்சை பிடிக்காமல் காக்கும் போர்டோ பசை பூசினோம். ஒரு கிலோ துரிசு (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. எங்களுக்குத் தேவைப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குதான். துரிசைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துரிசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கினார் மாமா. இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்தபின் தீட்டிய கத்தியின் நுனியைச் சற்று நேரம் அதில் அமிழ்த்தி எடுத்தார். நுனியில் செம்பு நிறம் படிந்திருந்தது. சுண்ணாம்பு போதவில்லை என்று இன்னும் ஒரு பிடி சேர்த்து மறுபடி அமிழ்த்த, கத்தி வெள்ளையாகவே வந்தது. அந்த வானநீலப் பசையை வெட்டுவாய் முழுவதும், விளிம்புத் தோலின் மேலும் தடவினோம். நிழல் போய்விட்ட தோலை மாசி, பங்குனி வெயில் வெடிக்கச் செய்யும் என்பதால் மூட்டின் பக்கங்களுக்கு வெறும் சுண்ணாம்பு அடித்தோம்.

தைப் பொங்கல் கழிந்து சில நாட்களில் தோலில் கடுகளவு முடிச்சுகள் புடைத்தன. மாசிக்குள் செம்பு நிறத் தளிர்கள் இருபதுக்கும் மேல் வந்துவிட்டன. இங்கேதான் பொறுமை வேண்டும். இலை முழுவதையும் இழந்த மரம் வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவிட்டே துளிர்க்கிறது. அந்தத் தளிர்கள் முற்றிப் பச்சையாகி உணவு செய்து அனுப்பினால்தான் அவ்வளவு பெரிய வேர்த்தொகுதி பட்டினி கிடக்காமல் இருக்கும். ஆகவே முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் கிள்ளி இரண்டை மட்டும் விடுவது மரத்தைக் கொல்லும் வழி என்பது என் உறுதியான எண்ணம். நெருக்கியடித்து நின்றவற்றை மட்டும் நீக்கி, பத்துப் பன்னிரண்டை விட்டுவைத்தேன்.

ஆனால் ஒரு தவறு செய்தேன். வெட்டுவாயின் விளிம்பை ஒட்டி எழுந்த இரண்டு கொம்புகள் மற்றவற்றைவிடத் தடித்திருந்ததால், அவற்றையே முதன்மையாக வளர்த்தேன். 2018 ஜூனில் தென்மேற்குப் பருவமழையின் காற்றில் அவற்றுள் ஒன்று, கையளவு தோலையும் உரித்துக்கொண்டு விழுந்தது. கிழிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது: பழைய கிளை மரத்தின் உள்ளிருந்தே வளர்ந்து வருவது, இந்தத் துளிரோ மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்பது, ஆண்டுதோறும் புதுமரம் சுற்றிப் படிந்த பிறகே பிடிப்புப் பெறுவது. மேல் விளிம்பில் எழுபவற்றுக்கு, வெட்டுவாய் உளுத்தால் அந்த உளுப்பும் முதலில் வந்து சேரும். மற்றதையும் அன்றே அறுத்துவிட்டு, மண்ணை ஒட்டித் தாழ்வாக எழுந்தவற்றில் வெவ்வேறு திசை நோக்கிய நான்கைத் தேர்ந்து, மூங்கில் ஊன்றித் தளர்வாகக் கட்டினேன். உயரம் கூடும்போதெல்லாம் நுனியைக் கிள்ளி, தண்டு தடிக்க விட்டேன். எஞ்சியவற்றை அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் குறைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் மூட்டின் கீழே மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. தண்டுத் துளைப்பான் புழு. காயப்பட்ட மாமரத்தைத் தேடி வருவது. துளைக்குள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, களிமண் வைத்து அடைத்தோம். இன்றும் வாரம் ஒருமுறை குனிந்து தூள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். உரமாக ஆண்டுக்கு இருமுறை சாணமும் சாம்பலும் மட்டுமே. தழைச்சத்து மிகுந்தால் கொம்பு நீளுமே தவிர உறுதி பெறாது.

2021இல் பூத்ததைக் கிள்ளிவிட்டேன். 2022இல் பதினொரு காய் நின்றது. முதல் பழத்தை அறுத்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் தோலைப் பல்லால் சீவியபடி ஒன்றும் சொல்லாமல் தின்று முடித்து, கொட்டையைச் சப்பிக்கொண்டே "அதே ருசி" என்றார். பழைய வெட்டுவாயைச் சுற்றிலும் தோல் உருண்டு மூடி வருகிறது. நடுவில் இன்னும் ஒரு உள்ளங்கை அகலம் திறந்திருக்கிறது. ஒவ்வொரு பருவமழைக்கும் முன்பாக அந்த இடத்தில் மட்டும் பசை பூசுகிறேன்.