ஏலக்காய் எடுப்பும் என் பார்சல் ஆட்களும்: கம்பத்திலிருந்து சில நாட்குறிப்புகள்

2024 அக்டோபர் 28, திங்கள்

தீபாவளிக்கு மூன்று நாட்களே இருக்கும் நிலையில், இன்று காலை ஆறரை மணிக்கு வந்த வண்டியிலிருந்து 412 பார்சல்கள் இறங்கின. ஒரு பார்சல் நிறுவனத்துக்காகக் கம்பம் பகுதியில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் ஒப்பந்தக்காரன் நான். அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பத்துப் பையன்கள் வர வேண்டிய இடத்தில் ஏழு பேர் நின்றார்கள். வராத மூவரில் ஒருவனுக்குக் காய்ச்சல். மற்ற இருவரும் எங்கே போயிருப்பார்கள் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலம் இது; விடியுமுன் கேரள மலைப்பக்கம் போகும் கம்பம்மெட்டுச் சாலையில் வரிசையாக ஏறும் தோட்ட ஜீப்புகளில் இரண்டின் ஸ்டியரிங்கை இவர்கள் பிடித்திருப்பார்கள். ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டால் மாலை வரை ஜீப்பிலேயே தூங்கலாம், மலை இறங்கியதும் கையில் காசு. என்னிடமோ பகல் முழுவதும் வெயிலில் அலைய வேண்டும், லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலைத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும், பார்சலுக்கு 14 ரூபாய் என்று சேரும் கூலிக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும். கோபப்பட எனக்கு நியாயம் இல்லை. ஆனாலும் கோபம் வந்தது.

மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப் ரூட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். கொண்டுபோன 47 பார்சல்களில் கொடுக்க முடிந்தது 19. 'கோயில் அருகில், லோயர் கேம்ப்' என்று மட்டும் எழுதியிருக்கும் முகவரியை வைத்துக்கொண்டு நான் மூன்று கோயில்களைச் சுற்றினேன். அந்த ரூட்டுக்குரிய தம்பி அட்டைப்பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்தே, மின்வாரியக் குடியிருப்பில் எந்த வீடு, எந்த ஷிப்ட் என்று சொல்லிவிடுவான். பிற்பகல் மூன்று மணிக்குள் பையைக் காலி செய்து திரும்புகிறவன் அவன். அவன் ஜீப் ஓட்டப் போனபோது ரூட்டும் அவனோடு மலை ஏறிவிட்டது. திரும்பி வந்த 28 பார்சல்களுக்கு நிறுவனம் எனக்கு ஒரு காசும் தராது.

நவம்பர் 2, சனி

காய்ச்சல்காரன் வந்துவிட்டான். ஜீப்காரர்கள் வரவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சம்பள நாள். நிறுவனம் என் பில்லுக்குப் பணம் தர 45 நாட்கள் எடுத்துக்கொள்கிறது; ஆனால் மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதி முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். இந்த இடைவெளியை மனைவியின் சங்கிலி மூன்றாம் முறையாக அடைத்தது. அடகுக்கடைக்காரர் இப்போதெல்லாம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எடையைக்கூடப் பழைய சீட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறார்.

ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம் குறித்து வழக்கமான முணுமுணுப்பும் எழுந்தது. பத்துப் பேரை எட்டிவிட்டால் பதிவு செய்தாக வேண்டும். ஜீப்புக்குப் போன இருவரையும், பார்சல்களைப் பிரித்துக் கொடுக்கும் ஆளையும் சேர்த்து நாங்கள் பதினொரு பேர். 15,000 ரூபாய் கூலியில் அவர்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். என் பங்கு 3.25 சதவீதம், ஏறத்தாழ 488 ரூபாய். "அந்த 113ஐயும் கையிலயே குடுத்துருங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்றான் ஒருவன். ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கும் சில ஒப்பந்தக்காரர்களை எனக்குத் தெரியும். எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை.

நவம்பர் 16, சனி

கார்த்திகை முதல் தேதி. இருக்கும் பையன்களில் மூன்று பேர் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியில், வெறுங்காலோடு வந்து நின்றார்கள். ஷூ அணிந்த படத்தைக் காலையிலேயே ஆப்பில் ஏற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. பழைய படத்தை ஏற்றினால் பிடிபடும். விரதத்தை விடச் சொல்லும் துணிவோ உரிமையோ எனக்கில்லை. மேலாளரிடம் பேசிப் பேசி, மகரவிளக்கு வரைக்கும் கண்டுகொள்ளாமல் இருக்கச் சம்மதம் வாங்கினேன். அவர்களில் ஒருவன் பைக்கின் கியர் லீவரில் பழைய சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுற்றியிருந்தான். வெறுங்காலால் நாள் முழுக்கக் கியரை மேலே தூக்கினால் பெருவிரலின் மேல்தோல் உரிந்துவிடுகிறதாம்.

இனிச் சாலையும் எங்கள் வசம் இல்லை. கூட்டம் மிகும் நாட்களில் சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். குமுளியிலிருந்து இறங்குபவை எல்லாம் லோயர் கேம்ப், கூடலூர் வழியாக வந்து குவியும்.

நவம்பர் 26, செவ்வாய்

12ஆம் தேதி சேர்ந்த பையன், கூடலூருக்கு அருகே ஒரு வேன் உரசிக் கீழே விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: இவனும் இரண்டு வாரத்தில் ஜீப்புக்குப் போய்விடுவான் என்று எண்ணி, அவன் பெயரை ஈ.எஸ்.ஐ.யில் ஒன்பதாம் நாள் வரை பதியாமல் வைத்திருந்தேன். இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. நோய்க்கான உதவித்தொகைக்குச் சந்தா கட்டிய நாட்கணக்குப் பார்ப்பார்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு அந்தக் கணக்கு இல்லை, குணமாகும் வரை கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்து அறிக்கையை இரவே அனுப்பினேன். 113 ரூபாயைக் கையில் கேட்டவன்தான் ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துணை.

டிசம்பர் 1, ஞாயிறு

லோயர் கேம்ப் தம்பியைத் தேநீர்க் கடையில் பிடித்தேன். "தை முடிஞ்சு வாரேண்ணே" என்றான். அதுவரை அவன் ரூட்டையாவது கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீட்டினேன். இரண்டு மணி நேரம் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பச்சை கேட்டு வீடு: நாய் உண்டு, மதியம் ஆள் இருக்காது, எதிர்ப் பெட்டிக்கடையில் கொடுக்கலாம், ஓடிபியைப் போனில் வாங்கிக்கொள்ள வேண்டும்.' இப்படி அறுபத்து மூன்று வீடுகள். தேநீருக்கு மேல் அவன் எதுவும் வாங்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

கூடலூரிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து வேலை கேட்டார். ஒன்பது ஆண்டுகள் ஏலத்தோட்டத்துக்குப் போனவர். நெருக்கியடித்து ஏறும் ஜீப்பில் இனி இடுப்பு தாங்காது என்றார். உரிமத்தையும் ஆதாரையும் எடுத்து வைத்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, கூலி வாராவாரம் கிடைக்குமா என்பதுதான். அதைத்தான் போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள், வாய்விட்டுக் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரிதான்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் என் பேனாவை வாங்கி, "பச்சை கேட்டுக்கு நீலப் பெயிண்டு அடிச்சு ஒரு மாசமாச்சுண்ணே, நாயும் செத்துப்போச்சு" என்று அந்த வரியை அடித்துத் திருத்தினார். சனிக்கிழமைப் பணத்துக்கு இன்னும் ஏற்பாடு ஆகவில்லை.